ஹெரால்டுக்கு டிஸ்க் வந்த வழி

பெருங்களத்தூரில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்று சொன்னால், தினமும் அந்த வழியாகத் தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் போய்வருகிறவர்களே நம்ப மாட்டேன் என்கிறார்கள். செய்தார்கள். 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனியின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு கூட்டு. முதலில் வேன்கார்டு வந்தது, பிறகு ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட், 1961-இலிருந்து ஹெரால்டு. பம்பாயின் ஃபியட், கல்கத்தாப் பக்கத்து உத்தர்பாராவின் அம்பாசடர், சென்னையின் ஹெரால்டு. அன்றைக்குப் புதுக் கார் வாங்கப் போகிறவருக்கு இந்த மூன்றுதான் கண்ணில் படும்.

நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். பையன்களுக்கு பிரேக் சொல்லிக் கொடுக்க எனக்கு ஹெரால்டை விட நல்ல வண்டி அமையவில்லை. அதன் பானெட் முன்பக்கமாகச் சாயும். மட்கார்டும் அதோடு சேர்ந்து போய்விடும். முன் சக்கரம், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் ஹோஸ் எல்லாம் வெளிச்சத்தில் நிற்கும். பத்துப் பையன்கள் சுற்றி நின்றாலும் பத்துப் பேருக்கும் தெரியும். ஹெரால்டு வடிவமைக்கப்பட்ட நாளில், மற்ற கம்பெனிகள் அடிச்சட்டத்தை விட்டுவிட்டு முழு உடலையும் ஒரே கூடாக வெல்டு செய்யத் தொடங்கியிருந்தன. ஸ்டாண்டர்டுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அதனால் தனி அடிச்சட்டம் போட்டு, உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கும்படி வைத்தார்கள். அவர்களுக்கு அது நெருக்கடி. எங்கள் ஊர் மெக்கானிக்குக்கு அதுவே பெரிய வரமாக முடிந்தது. ஹெரால்டின் பிரேக்கை இத்தனை பேர் மாற்றிப் பார்க்கத் துணிந்ததற்கு முதல் காரணம், கை போகிறது என்பதுதான்.

ஒரு கேள்வியைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோவென்ட்ரியில் இந்தக் காருக்கு டிஸ்க் பிரேக் வந்தது. சென்னையில் கடைசிவரை வரவில்லை. ஏன்? வராததைப் பிறகு யார் கொண்டுவந்தார்கள்?

கோவென்ட்ரிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிஸ்க் பிரேக்குக்கு லான்செஸ்டர் காப்புரிமை வாங்கியது 1902-லேயே. அதே சமயத்தில் ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். அரை நூற்றாண்டு டிரம்தான் ஆண்டது. 1953-இல் லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் போட்ட ஜாகுவார் வென்ற பிறகு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டாண்டர்டின் சகோதரப் பெயரான டிரையம்ஃப், 1956-இல் டி.ஆர்.3 காரின் முன்சக்கரங்களுக்கு கிர்லிங் டிஸ்க்கைப் பொருத்தியது. விலை கொடுத்து யாரும் வாங்கக்கூடிய பிரிட்டிஷ் கார்களில் இது முன்னோடி. 1959-இல் இத்தாலியர் மிகெலொட்டி வரைந்த ஹெரால்டு 948 சி.சி. எஞ்சினோடு வெளிவந்தது, நான்கு சக்கரத்திலும் டிரம், முன்னால் 8 அங்குலம், பின்னால் 7 அங்குலம். 1961-இல் எஞ்சின் 1200 ஆனதும், கூடுதல் பணம் கொடுப்பவருக்கு முன்னால் டிஸ்க் கிடைத்தது. 1962-இல் இதே அடிச்சட்டத்துப் பாகங்களை வைத்துச் செய்த ஸ்பிட்ஃபயர் காருக்கு முன் டிஸ்க் பிறக்கும்போதே இருந்தது. 1963-இன் ஹெரால்டு 12/50-க்கும் அப்படியே.

அதே 1962-இல் சென்னையில் என்ன நடந்தது? பாடியில் பிரேக்ஸ் இந்தியா கம்பெனி வந்தது. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து தொடங்கியது, தொழில்நுட்பம் கிர்லிங்குடையது. டி.ஆர்.3-க்கு டிஸ்க் கொடுத்த அதே கிர்லிங். கார் செய்கிறவர்கள் நகரின் தெற்கே, பிரேக் செய்கிறவர்கள் வடமேற்கே. 1964-இல் ரானே பிரேக் லைனிங், 1974-இல் பாடியிலேயே சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். இந்தியாவில் பிரேக் என்றால் சென்னை என்று ஆகிவிட்டது. என்னிடம் படித்த பையன்களில் பலர் அம்பத்தூர், பாடித் தொழிற்சாலைகளில் சேர்ந்து லேத்திலும் அசெம்பிளியிலும் நின்றவர்கள். கிர்லிங் என்ற பெயர் எங்களுக்கு வெளிநாட்டுப் பெயராகவே படவில்லை. பிரேக் ஆயில் டப்பாவில் அச்சிட்டிருந்த வீட்டுப் பெயர்.

ஆகவே தெரியாததாலோ, செய்ய ஆள் இல்லாததாலோ ஹெரால்டுக்கு டிஸ்க் வராமல் போகவில்லை. காரணம் வேறு. 1953-இல் வரி ஆணையத்தின் அறிக்கை வந்தபோது, இங்கேயே பாகங்களைச் செய்யத் திட்டமில்லாத கம்பெனிகள் வெளியேற வேண்டியதாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் போய்விட்டன. மிஞ்சிய மூன்று கார் கம்பெனிகளும் இறக்குமதிப் பாகத்தைக் குறைத்து உள்ளூர்ப் பாகத்தைக் கூட்டிக்காட்ட வேண்டும். ஒரு டிரம்மை வார்த்துக் கடைந்து பழகிவிட்ட பிறகு, புதிதாக காலிப்பர் வார்ப்புக்கும் எந்திரத்துக்கும் யார் பணம் போடுவார்கள்? வாங்குகிறவர் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் வரிசையில் காத்திருந்தார். பிரேக் நன்றாக இல்லை என்று அடுத்த கடைக்குப் போக அவருக்கு இடமில்லை. 1969-இல் மூன்று கார்களின் விலையையும் மத்திய அரசே நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்சநீதிமன்றம்வரை போயின. ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் காட்ட வேண்டிய காரில், வாங்குகிறவர் கேட்காத டிஸ்க்கை எந்த வரியில் எழுதுவது? மற்றக் காரணங்களை விட இந்த விலைக் கட்டுப்பாடுதான் ஹெரால்டின் பிரேக்கை அந்தக் காலத்திலேயே நிறுத்திவைத்தது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பெருங்களத்தூர்க்காரர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் என்றைக்குமே வரவில்லை. அதை இங்கேதான் வரைந்து இங்கேதான் செய்தார்கள். 70-களில் கெஸல் என்று அதையே மாற்றி, பின் ஆக்சிலையே வேறு வகையாக்கினார்கள். பிரேக் மட்டும் டிரம்மாகவே இருந்தது.

டிரம்மைக் குறைத்துப் பேசுகிறவன் அல்ல நான். டிரம்மில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. சுழல்கிற திசையை நோக்கி விரிகிற கட்டையை டிரம்மே தன்பக்கம் இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். காலில் கொடுக்கிற பலம் கொஞ்சம், சக்கரத்தில் கிடைக்கிற பிடி அதிகம். பூஸ்டர் வேண்டாம், ஒல்லியான பெண்மணியும் மிதித்து நிறுத்தலாம். ஆனால் அந்த இழுப்பு நாலு டிரம்மிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அங்கேதான் பட்டறை வேலை.

என் பெரியப்பா ராயப்பேட்டையில் பட்டறை வைத்திருந்தார். லீவு நாளில் அவரிடம் போய் உட்கார்ந்து நான் கற்றது இன்றும் என் கையில் இருக்கிறது. டிரம்மைக் கழற்றியதும் முதல் வேலை, உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பது. லைனர் தேய்ந்து ரிவிட் தலை வெளியே வந்திருந்தால் டிரம்மில் பள்ளமாகக் கோடு விழுந்திருக்கும். லேத்தில் கொடுத்துக் கடைந்தால் கோடு போய்விடும், ஆனால் டிரம்மின் வட்டம் பெரிதாகிவிடும். புது லைனரின் வளைவு பழைய வட்டத்துக்கு உரியது; நடுவில் மட்டும் தொடும், இரு முனைகளும் தொடாது. பெரியப்பா டிரம்முக்குள் சாக்பீஸைத் தேய்ப்பார். பிரேக் கட்டையை வைத்து லேசாகத் திருப்பி எடுப்பார். லைனரில் வெள்ளை ஒட்டிய இடம்தான் மேடு. அரத்தால் அந்த இடத்தை மட்டும் இரண்டு இழுப்பு. மறுபடி சாக்பீஸ், மறுபடி அரம். வெள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பரவும்போதுதான் எழுந்திருப்பார். வாடிக்கையாளர் அவசரப்பட்டால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார். அந்தக் காலத்து லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தப் பொடியைக் காற்றுக் குழாயால் ஊதித்தான் டிரம்மைச் சுத்தம் செய்தார்கள். அது நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று அந்தப் பட்டறைகளில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. என் வகுப்பில் ஊதுகிற பையனின் கையிலிருந்து குழாயைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியைக் கொடுப்பேன்.

லைனர் முடிந்தால் அட்ஜஸ்டர். பின்தட்டில் சதுரத் தலையாக நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் பிடித்து நிற்கும்வரை முடுக்கி, பிறகு சக்கரம் தடையில்லாமல் சுற்றும்வரை பின்னால் விட வேண்டும். நாலு சக்கரத்துக்கும் ஒரே மாதிரி. ஒன்றில் கொஞ்சம் கூடினால் மிதிக்கும்போது வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பிறகு ஏர் எடுப்பது. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறக்க, குமிழி நிற்கும்வரை. ஆயிலிலும் ஒரு சங்கதி உண்டு. ஆரம்பகால பிரேக் ஆயில் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. வாஷர் இயற்கை ரப்பர். அதில் எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் ஊதிப்போகும். கேனை மாற்றி ஊற்றி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு வீல் சிலிண்டர்வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டி வந்த வண்டிகளைப் பெரியப்பா பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

இப்படிச் சரியாக அமைந்த டிரம்முக்கு 60-களின் மவுன்ட் ரோடு ஒரு சவாலே இல்லை. சவால் மலையில் இருந்தது. பையன்களுக்கு நான் போடச் சொல்கிற கணக்கு இது. ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ உள்ள ஹெரால்டு 60 கி.மீ. வேகத்தில் போகிறது, அதை நிறுத்த சுமார் 1.4 லட்சம் ஜூல் வெப்பமாக மாற வேண்டும். அறை வெப்பத்தில் இருக்கிற அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற வெப்பம் அது. நாலு டிரம் பங்கிட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது. இப்போது அதே வண்டி ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குகிறது. 36 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். ஆயிரம் மீட்டர் என்றே வைத்தாலும் 98 லட்சம் ஜூல். 60 கி.மீ. வேகத்திலிருந்து எழுபது முறை நிறுத்துவதற்குச் சமம், இடையில் ஆற நேரமில்லாமல். கியரில் எஞ்சினை இழுக்கவிடாமல் பிரேக்கிலேயே இறக்கினால் டிரம் சூடாகி விரியும். விரிகிற டிரம் கட்டையை விட்டு விலகும். பெடல் கீழே, இன்னும் கீழே போகும். லைனரில் உள்ள பிசின் வெந்து வழுக்கும். பெடல் தரையைத் தொடுகிற நேரத்தில் வளைவு வந்துவிடும். டிஸ்க் சூடானால் தடித்து பேடை நோக்கித்தான் வரும், காற்றிலும் உடனே ஆறும். டிஸ்க்கின் மேன்மைக்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். மழைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம் கொஞ்ச தூரத்துக்கு பிடிக்கவே பிடிக்காது என்பது அடுத்தது. அது சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே ஹெரால்டின் பிரேக்கை முதலில் மாற்றிப் பார்த்தவர்கள் பந்தயக்காரர்கள். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடக்கும். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை அதுதான் தென்னாட்டுக் கார்ப் பிரியர்களுக்குத் திருவிழா. நேரான ஓடுதளத்தில் முழு வேகம், முடிவில் கூர்மையான திருப்பம். பிரேக்கைச் சோதிக்க இதை விட நல்ல இடம் வேண்டாம். அங்கே ஓடிய ஹெரால்டுகளில் பின்தட்டில் ஓட்டை போட்டு வலை அடித்திருப்பார்கள், காற்று போய் டிரம்மை ஆற்றட்டும் என்று. பெரியப்பா என்னை அழைத்துப்போனதே எஞ்சினைக் கேட்க அல்ல, அந்த ஓட்டைகளைக் காட்டத்தான். வெளிநாட்டிலிருந்து ஸ்பிட்ஃபயர் பாகங்களை வரவழைக்கிறவர்கள் உண்டு என்றும், அது நம்மால் ஆகாது என்றும் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

நம்மால் ஆகிற நாள் மாருதியால் வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1986-இல் வந்த அடுத்த மாடலுக்கு முன்னால் டிஸ்க். பத்து வருடத்தில் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் மாருதி ஹப்பும் காலிப்பரும் கம்பியில் கோத்துத் தொங்கத் தொடங்கின. அதற்குள் பெருங்களத்தூர் மூடிவிட்டது. 70-களின் பிற்பாதியில் அந்தச் சின்னக் கார் நின்றது. 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரோடு திரும்பி வந்து, சில வருடத்தில் கம்பெனியே ஓய்ந்தது. கார் செய்த இடம் போய்விட்டது, கார்கள் மட்டும் நகரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இனி கம்பெனி எதையும் செய்து தரப்போவதில்லை என்று ஆன பிறகுதான் புதுப்பேட்டை லேத் பட்டறைகள் கையில் எடுத்தன.

ஏன் அப்போது? ஹெரால்டின் பிரேக் முன்னைவிட மோசமாகிவிட்டதா? இல்லை. சரியாக வைத்துக்கொண்ட டிரம் 1965-இல் எவ்வளவு தூரத்தில் நிறுத்தியதோ 1995-லும் அவ்வளவில்தான் நிறுத்தியது. மாறியது முன்னால் போகிற வண்டி. 60-களில் ஹெரால்டுக்கு முன்னால் அம்பாசடர் போனது, டிரம். பஸ் போனது, டிரம். எல்லோரும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நின்றார்கள். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது எல்லார் காலுக்கும் பழகியிருந்தது. டிஸ்க்கும் பூஸ்டரும் உள்ள கார் முன்னால் வந்ததும் அந்தப் பழக்கம் உடைந்தது. அவர் மிதித்தால் அங்கேயே நிற்கிறார். நான் அவருக்குள் போய்தான் நிற்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயம். இடைவெளி விட்டு ஓட்டினால் அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழைந்துவிடும். பழைய காருக்கு பிரேக் மாற்றுவதை ஆடம்பரம் என்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான். இது வேகத்துக்காகச் செய்கிற வேலை அல்ல. சாலையில் மற்றவர்களோடு ஒத்து நிற்பதற்காகச் செய்வது.

ஆனால் அரைகுறையாகச் செய்தால் டிரம்மே மேல். என் மனைவியின் தம்பி, தன் நான்கு கதவு ஹெரால்டை ஒரு பட்டறையில் விட்டு முன் டிஸ்க் போட்டுக்கொண்டான். மாருதி எஸ்டீமின் டிஸ்க்கும் காலிப்பரும். ஹெரால்டின் சக்கரத்து நாலு போல்ட்டும் 3¾ அங்குல வட்டத்தில் இருக்கும், அதாவது 95.25 மி.மீ.; மாருதிக்கு 114.3. அதையெல்லாம் லேத்தில் அழகாகச் சரிசெய்திருந்தார்கள். வண்டியை எடுத்த வாரம் வண்டலூர் தாண்டியதும் எனக்குப் போன்.

“மாமா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ஏதோ கருகுற வாடை.”

“ஓரமா நிறுத்து. முன் சக்கரத்துக்கிட்ட கையைக் கொண்டுபோய்ப் பாரு, தொட்டுடாதே.”

“அனலா அடிக்குது மாமா.”

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறியிருந்தது. ஜாக்கி கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினேன். இரண்டு கையால் இழுத்தும் அசைய மறுத்தது. முதலில் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள கம்பியில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அது இல்லையென்றால் ஆயில் திரும்பி வர வழியில்லாமல் போகும். ஆக, தப்பு அங்கே இல்லை. காலிப்பரின் நிப்பிளில் ஸ்பேனர் வைத்துக் கால் சுற்று திறந்தேன். ஆயில் சுர்ரென்று பீறிட்டது. மறுகையால் தள்ளினேன், சக்கரம் தளர்ந்து சுற்றியது. லைனுக்குள் அழுத்தம் சிக்கி நிற்கிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

சிக்கவைத்தது மாஸ்டர் சிலிண்டரின் வாய்க்குள் இருக்கிற சின்ன வால்வு. டிரம் பிரேக்கில் காலை எடுத்த பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வைப்பதற்காக அதைப் போட்டிருப்பார்கள். வீல் சிலிண்டர் ரப்பரின் உதடு அந்த அழுத்தத்தில்தான் சுவரோடு ஒட்டி நிற்கும், காற்று உள்ளே போகாது. டிரம்முக்குள் கட்டைகளைப் பின்னால் இழுக்க வலுவான ஸ்பிரிங் இருப்பதால் அந்தச் சின்ன அழுத்தத்தால் கெடுதல் இல்லை. டிஸ்க்கில் ஸ்பிரிங் கிடையாது. ரப்பர் வளையத்தின் நெளிவு மட்டும்தான் பிஸ்டனைத் துளி பின்னால் இழுக்கிறது. மிச்ச அழுத்தம் அந்தத் துளியைத் தின்றுவிடும். பேட் உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க்கை மாற்றியவர்கள் மாஸ்டர் சிலிண்டரைத் தொடவில்லை. பல ஆயிரம் ரூபாய் வேலையில், அரை ரூபாய் நாணயத்தை விடச் சிறிய ஒரு ரப்பர் வால்வு மறந்துபோய்விட்டது. அந்த வால்வைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நாங்கள்; பாடப் புத்தகத்தில் அது ஒரு வரியாகத்தான் இருக்கிறது.

டிஸ்க் போடுவதற்கு முன்னால், மாஸ்டர் சிலிண்டரை மாற்றுங்கள் என்றுதான் என்னிடம் வருகிறவர்களிடம் சொல்வேன். பழைய ஹெரால்டில் ஒரே அறை. ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும், மிஞ்சுவது ஹேண்ட் பிரேக். இரண்டு அறை உள்ள டேண்டம் சிலிண்டரில் முன்சக்கரத்துக்குத் தனி லைன், பின்சக்கரத்துக்குத் தனி லைன். ஒன்று போனாலும் இன்னொன்று நிறுத்தும். டிரம்மிலேயே இருக்கிறவருக்கும் இது உயிர்க்காப்பு. பார்வைக்கு எதுவும் தெரியாது என்பதால் யாரும் ஆசைப்பட்டுச் செய்வதில்லை. வீலுக்குள் பளபளக்கிற டிஸ்க்குக்குத்தான் கிராக்கி.

பூஸ்டர் வேண்டுமா என்று கேட்பார்கள். டிஸ்க் தானாக இறுக்கிக்கொள்ளாது, அதிக அழுத்தம் வேண்டும் என்பது சரி. ஆனால் 800 கிலோ வண்டிக்கு, அளவறிந்து மாஸ்டர் சிலிண்டரைத் தேர்ந்தெடுத்தால் கால் பலமே போதும். ஸ்பிட்ஃபயர் பூஸ்டர் இல்லாமலேதான் ஓடியது. கனமான காரின் பூஸ்டரை இதில் மாட்டினால், மழையில் விரல் பட்ட மாதிரி மிதித்தாலும் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். பார்த்திருக்கிறேன்.

பின் சக்கரத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மிதிக்கும்போது எடை முன்னால் சாயும். பின் டயர் லேசாகும். பின்னால் பிடி கூடியிருந்தால் அது முதலில் பூட்டும், வண்டி வால் சுற்றும். முன்னால் டிஸ்க்குக்காக அழுத்தத்தைக் கூட்டுகிறவர்கள் அதே அழுத்தம் பின் டிரம்முக்கும் போகிறது என்பதை நினைப்பதில்லை. பின் வீல் சிலிண்டரைச் சின்னதாக்க வேண்டும். 3/4 அங்குலம் இருந்த இடத்தில் 5/8 போட்டால் கட்டையைத் தள்ளுகிற பலம் முப்பது சதவீதம் குறையும். ஹெரால்டில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அதன் பின் ஆக்சில்கள் நடுவிலிருந்து இறக்கை போல மடங்குகிற வகை. திருப்பத்துக்குள் போய் பிரேக் மிதித்தால் பின்பக்கம் தூக்கும், வெளிச் சக்கரம் உள்பக்கமாக மடிந்து டயரின் ஓரத்தில் நிற்கும். எந்த டிஸ்க்கும் இதைச் சரிசெய்யாது. திருப்பத்துக்கு முன்னாலேயே மிதித்து முடித்துவிட வேண்டும். உள்ளே போனபின் காலை நகர்த்தாமல் ஓட்ட வேண்டும். பெரியப்பா கெஸலை விரும்பியது இதனால்தான். முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற வெண்கல டிரன்னியனையும் எந்த டிஸ்க்கும் சரிசெய்யாது. கிரீஸ் அல்ல, கெட்டி கியர் ஆயில் ஊற்ற வேண்டிய இடம் அது. ஆயில் இல்லாமல் மரை தேய்ந்த டிரன்னியனில் நல்ல டிஸ்க்கை மாட்டுவது, நிறுத்துகிற பலத்தையெல்லாம் உடையப்போகிற ஒரு திருகில் ஏற்றுவது.

இந்த மாற்று வேலைக்கான அளவுகள் எழுத்தில் இல்லை. பெருங்களத்தூர்க் கம்பெனியின் கையேடு டிரம்மோடு முடிந்துவிட்டது. இங்கிலாந்துப் புத்தகங்கள் ஸ்பிட்ஃபயர் பாகத்தை வாங்கி மாட்டச் சொல்கின்றன. மாருதி டிஸ்க்கை ஹெரால்டு ஹப்பில் உட்காரவைக்க எவ்வளவு கடைய வேண்டும், காலிப்பர் தாங்கிக்கு எத்தனை மி.மீ. தகடு, எங்கே ஓட்டை என்பதெல்லாம் புதுப்பேட்டையில் இரண்டு மூன்று லேத்காரர்களின் கையில் மட்டும் இருக்கிறது. அவர்களில் மூத்தவரிடம் போன மாதம் போய் உட்கார்ந்தேன். அவர் ஹப்பை லேத்தில் மாட்டிவிட்டு அளவே பார்க்காமல் கருவியை நகர்த்தினார்.

“பாய், இந்த அளவை எங்கேயாவது எழுதி வச்சிருக்கீங்களா?”

“எதுக்கு சார்? இங்கதான இருக்கேன்.”

அவர் கடைந்து முடித்த ஹப்பை வெர்னியரால் அளந்து, டிஸ்க் உட்காரும் தோளின் விட்டம், ஆழம், போல்ட் வட்டம், தாங்கித் தகட்டின் கனம், பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். அவரே தகட்டை எந்தப் பக்கம் வளைக்கக்கூடாது என்று பென்சிலை வாங்கிக் கோடு போட்டார். வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளில் அளவுக்கு வரைந்து, கீழே மாஸ்டர் சிலிண்டர் வால்வு, பின் வீல் சிலிண்டர், டிரன்னியன் ஆயில் மூன்றையும் சிவப்பு மையில் எழுதினேன். நகல் எடுத்து ஒன்றை ஐ.டி.ஐ. பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், ஒன்று பாயின் லேத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின் சிலிண்டரின் அளவை மட்டும் அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்து வருகிற வண்டியில் இரண்டு அளவையும் மாட்டி, மழை நாளில் ஓட்டிப் பார்த்துத் தீர்மானிப்பதாகப் பேச்சு.